கடலுக்கு ஒரு மூடி

ஐஸ் பெட்டியில் இருந்த கோலி சோடாவை உடைத்தால் 'புஸ்' என்று சற்றே சீறிவிட்டு அடங்கிவிடும். வெயிலில் கிடந்த புட்டியை உடைத்துப் பாருங்கள்! நுரை பொங்கி, கைக்கும் சேலைக்கும் அபிஷேகந்தான். குளிர்ந்த நீர் கரியமில வாயுவை அடக்கி வைத்துக்கொள்ளும். சூடேறிய நீருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சமுத்திரமும் அப்படித்தான். நம் வண்டிகளும் ஆலைகளும் கக்கும் கரியமில வாயுவில் ஏறக்குறையக் கால் பங்கைக் கடல்கள் குடித்துவிடுகின்றன. அதிலும் சுமார் 40 சதவிகிதம், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் சமுத்திரத்தின் கைங்கரியம்!

அந்தக் கரையோரத்தில் கடல் உறையும்போது ஒரு விந்தை நடக்கிறது. கடல் நீர், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 1.8 டிகிரி சென்டிகிரேடில்தான் உறையும். உறையும்போது உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். அந்த உப்பையும் ஏற்றுக்கொண்ட பக்கத்து நீர் கனத்துப்போய், தன்னில் கரைந்துள்ள வாயுவையும் சுமந்துகொண்டு அடியாழத்துக்கு இறங்கிவிடுகிறது. திரும்பி மேலே வரப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

அப்படி ஆழத்து நீர் மேலே வரும் இடங்களில் முக்கியமானதும் இதே தென் சமுத்திரந்தான். வந்ததும் வாயுவை வெளியே விடப் பார்க்கும். அந்தச் சமயம் மேலே பனிக்கட்டி படர்ந்திருந்தால், பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரிதான்!

அண்டார்டிகப் பனிக்குள் சிறைப்பட்ட பழங்காலக் காற்றைச் சோதித்தார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தில், காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 190 பங்குதான். யந்திர ஆலைகள் தோன்றுவதற்கு முன் அது 280 ஆகியிருந்தது. பனி யுகத்தில் மிச்ச வாயு எங்கே ஒளிந்திருந்தது? தென் சமுத்திரத்தின் பனி மூடி அதை அடைத்து வைத்திருக்கலாம் என்று 2000-ல் பிரிட்டன் ஸ்டீபன்ஸ், ரால்ஃப் கீலிங் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். மூடி மட்டுமே காரணமா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை.

ரால்ஃபின் தந்தை சார்லஸ் கீலிங், 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கியபோது கணக்கு சுமார் 315. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. 2023 பிப்ரவரியில் அண்டார்டிகக் கடல் பனியோ, செயற்கைக் கோள்கள் அதுவரை கண்டிராத அளவுக்குச் சுருங்கி, 18 லட்சம் சதுர கிலோ மீட்டருக்கும் கீழே போயிற்று.

துருவம் எங்கோ கிடக்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கடல் சூடேறச் சூடேற, நாம் விடும் புகையில் அது வாங்கிக்கொள்ளும் பங்கு குறையும். வாங்காத மிச்சம் வேறெங்கே போகும்? நம் தலைக்கு மேல்தான் நிற்கும்!