குதிரை, 2 வெள்ளி

இந்த வாரம் எனக்குக் கோபம் மூட்டியது ஒரு காணொளி. ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் போகும் ரயிலுக்கான புக்கிட் சாகார் நிலையத்தைப் பற்றி யாரோ எடுத்தது. நாலைந்து புலனக் குழுக்கள் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. ஐந்து நிமிடத்தில் உட்லண்ட்ஸ் நோர்த், ஏறக்குறைய 4 கிலோமீட்டர் பாதை, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அதெல்லாம் சரிதான். நாம் எல்லோரும் காத்திருக்கும் ரயில் அது. விடியும் முன்பே பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு விடிவு வரட்டும். ஆனால் காணொளியின் நடுவில் ஒரு குரல் சொல்கிறது: "முன்பு இங்கே ஒன்றுமே இல்லை."

ஒன்றுமே இல்லையா? ஜோகூர் பாருவில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். லும்பா கூடா ஃபிளாட் இருந்தது. குடும்பங்கள் இருந்தன. கீழே கடைகள், பிள்ளைகள் பந்தடித்த திடல், தீபாவளிக்கு மாடிக்கு மாடி பலகாரத் தட்டு. எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத்தான் கட்டடங்களை இடித்தார்கள். மிஞ்சியிருப்பது சாலையின் பெயர் மட்டும்: ஜாலான் லும்பா கூடா, குதிரைப் பந்தயச் சாலை.

அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் இன்னொரு சாலை நினைவுக்கு வரும். சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் ரோடு. அங்கே 1842-இல் பந்தயக் கிளப் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இன்றைய ஃபேரர் பார்க் பக்கம் முதல் பந்தயம் ஓடியது. திடலை ஒட்டி சிராங்கூன் சாலை. அங்கே மாட்டுக் கொட்டகைகள், மாட்டு வியாபாரம். பஃபலோ ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். மாடும் குதிரையும் இருக்கும் இடத்தில் புல் வேண்டும், தவிடு வேண்டும், சாணி அள்ள ஆள் வேண்டும். நம்மவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆட்கள் சேர்ந்த இடத்தில் சோற்றுக்கடை வந்தது, துணிக்கடை வந்தது, கோயில் வந்தது. இன்று அங்கே வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அந்தப் பழைய குதிரைத் திடலின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

ஜோகூருக்கும் குதிரைக்கும் உள்ள உறவு அரண்மனையில் தொடங்குகிறது. சுல்தான் அபூபக்கர் பந்தயத்தில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர். பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று நான்கு ஊர்களைச் சுற்றியே மலாயாப் பந்தயம் நடந்தது. ஒரே குதிரை இந்த மாதம் ஈப்போவில் ஓடும், அடுத்த மாதம் சிங்கப்பூரில் ஓடும். 1923-இல் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. சிங்கப்பூர்ப் பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. வடக்கிலிருந்து ரயிலேறிய குதிரைகள் புக்கிட் தீமா நிலையத்தில்தான் இறங்கின. அப்படியானால் அவை நம் ஊர்கள் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் எல்லாம் அந்தத் தண்டவாளத்து ஊர்கள். ஒருநாள்கூடப் பந்தயத் திடலை மிதிக்காத தோட்டத்துப் பிள்ளை, கேட்டருகில் நின்று பந்தயக் குதிரைக்குக் கையசைத்திருக்கலாம்.

இப்போது அந்தக் காலம் முடிந்துவிட்டது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் சென்னை கிண்டிப் பந்தயத் திடலுக்குத் தமிழக அரசு முத்திரை வைத்தது. அதே ஆண்டில் ஊட்டித் திடலையும் அரசு எடுத்துக்கொண்டது. பந்தயம் நின்றதற்காக நான் அழப்போவதில்லை. கூலிக்காரன் வீட்டு உலையைக் குளிரவைத்த விளையாட்டு அது.

எனக்கு வருத்தம் வேறு. அந்தப் பந்தயங்களைப் பற்றி எல்லாமே பதிவாகியிருக்கிறது. பழைய ஆங்கில நாளேடுகளைப் புரட்டினால் குதிரையின் பெயர், அதன் சொந்தக்காரர், ஓட்டியவர், சுமந்த எடை, எந்தக் கோப்பை, எத்தனை விநாடி என்று வரிசையாகக் கிடைக்கும். அன்று திடலோரம் தேநீர் ஆற்றியவரும், புல் அறுத்துக் கட்டி விற்றவரும், குதிரையோடு ரயில் பெட்டியில் படுத்துக்கொண்டு போன சைஸ் என்ற குதிரைக்காரரும் எங்கே? குதிரைக்குக் கிடைத்த ஒரு வரி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியொரு வரி எனக்கு வேறிடத்தில் கிடைத்தது. கணக்கப்பிள்ளைகள் பற்றி முன்பு இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு குளுவாங் பக்கத்து வாசகர் ஒருவர் தம் அப்பாவின் கடைப் புத்தகங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாம் 555 புத்தகங்கள். சட்டைப் பையில் அடங்குகிற, மேலட்டையில் அந்த மூன்று எண் போட்ட, நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் வைத்திருந்த அதே புத்தகம். 1960-களின் கணக்கு. தோட்டத்துக்கு வெளியே இருந்த சில்லறைக்கடை. ஒரு பக்கத்தின் தலைப்பில் ஆள் பெயர் இல்லை. "பெரிய லயம், மூணாவது வீடு" என்று இருக்கிறது. கீழே பென்சில் எழுத்து: அரிசி 2 கந்தாங். நெத்திலி அரைக் கட்டி. மண்ணெண்ணெய் 1 போத்தல். சிலேட்டு 1. அதற்கும் கீழே, அதே எழுத்தில், "குதிரை 2 வெள்ளி."

"இது என்னங்க குதிரை?" என்று கேட்டேன்.

"ஸ்வீப் டிக்கெட் வாங்க அப்பா குடுத்த கைமாத்துங்கய்யா. திட்டிக்கிட்டேதான் குடுப்பாரு. குடுக்காட்டி அந்த ஆளு வட்டிக்காரன்கிட்டப் போயிருவாரு" என்றார்.

இந்த ஒரு வரிக்காக நான் பத்துப் புத்தகம் விட்டுக்கொடுப்பேன். 2 வெள்ளி என்பது அன்றைய ஒரு நாள் பால்வெட்டுக் கூலியில் பாதிக்கு மேல். அரிசிக்கும் சிலேட்டுக்கும் பக்கத்திலேயே அது ஏறியிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மாதம் முழுவதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. என்ன தின்றார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்களா, வீட்டுக்காரருக்கு என்ன ஆசை இருந்தது என்பதை எந்தத் தோட்ட நிர்வாகத்தின் ஆண்டறிக்கையும் சொல்லாது. பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறது. சம்பளத்தன்று கடன் அடைந்துவிட்டது.

அந்தக் காலத்துக் கடைக்காரரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. கடனுக்குக் கொடுத்த சாமான் ரொக்க விலைக்குக் கிடைக்கவில்லை. எழுதத் தெரியாதவர்களின் கணக்கில் ஒன்று இரண்டாக ஏறிய கதைகள் தோட்டம்தோறும் உண்டு. ஜோகூரில் இந்தப் பழக்கம் ரப்பருக்கும் முந்தியது. ஆற்றங்கரைகளில் கம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனக் கூலிகளுக்கு அரிசி, அபின், சாராயம் எல்லாவற்றையும் விற்கும் உரிமையும் சூதாட்டம் நடத்தும் உரிமையும் காங்சு எனப்பட்ட ஆற்றங்கரைத் தலைவர் ஒருவரிடமே இருந்தன. ஜோகூர் பாரு தொழிலதிபர் வோங் ஆ ஃபூக் தம் பெயரில் பணத்தாளே அடித்துப் புழங்கவிட்டார். காங்சு முறை 1917-இல் ஒழிந்தது. ஆனால் ஒரு கையால் கூலி, மறு கையால் கடன் என்ற ஏற்பாடு பால்மரக் காட்டுக்குள்ளும் வந்து குந்திக்கொண்டது.

ஆனாலும் அந்தக் கடை இல்லாவிட்டால் மழை மாதத்தில் பால்வெட்டு நின்றபோது லயத்தில் யார் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்காது. ஜாமீன் கேட்காமல், கைநாட்டு வாங்காமல் கொடுத்தார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இருந்தது அந்தச் சின்னப் புத்தகம் மட்டும்தான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கடைகளும் மூடின. புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "சுராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரியில் ஏற்றிவிட்டோம். கிலோவுக்குச் சில காசு. நூறாண்டு வாழ்வை எடைக்குப் போட்டிருக்கிறோம். பிறகு எவனோ ஒருவன் வந்து "இங்கே ஒன்றுமே இல்லை" என்று காணொளி எடுத்தால் அவன்மேல் மட்டும் கோபப்பட்டு என்ன பயன்?

ஆகவே ஜோகூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூவாரோ பத்து பகாட்டோ கோத்தா திங்கியோ, உங்கள் வீட்டில் அப்பா, தாத்தா வைத்திருந்த கடைக் கணக்கு, 555 புத்தகம், ரசீதுக் கட்டு எது இருந்தாலும் லாரிக்காரருக்குக் கொடுக்காதீர்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். எந்த ஊர், எந்தக் கடை, ஏறக்குறைய எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். தனியாரிடம் உள்ள ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்றுக்கொள்கிறது, அங்கே கொடுக்கலாம். கொடுக்க மனம் வராவிட்டால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.