திசையறிகருவியை ஒளித்துவைத்த படகு

கடல் தாண்டின கதையள் எண்டால் எங்களுக்குப் புயல் வேணும், சுறா வேணும், கடைசியில ஒரு வெள்ளைக்காரர் தப்பி வரவேணும். எனக்குப் பிடிச்ச கடல் பயணத்தில இது ஒண்டும் இல்லை.

1968–69 காலப்பகுதியில் டேவிட் லூயிஸ் என்ற வைத்தியர் 'இஸ்பியோன்' என்ற தனது பாய்மரப் படகில் பசிபிக் தீவுகளுக்குப் போனார். கரோலைன் தீவுகளில் ஒன்றான புலுவாட்டில், ஹிப்பூர் என்ற மாலுமியிடம் படகின் போக்கை ஒப்படைத்தார். வரைபடம், திசையறிகருவி, கைமணிக்கூடு எல்லாவற்றையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்தார். (கம்பஸ் எண்டால் எங்களுக்கு வளாகம்தானே, அதுதான் இந்த நீளச் சொல்!) இடையில் பிகெலொட் என்ற சின்னத் தீவு. அங்கிருந்து சைப்பான் மட்டும் ஏறத்தாழ 450 கடல் மைல், வெறும் தண்ணி.

ஹிப்பூர் பிடித்துப் போனது நட்சத்திரங்களை. அடிவானத்தில் ஒரு வெள்ளி எழும்பும் இடம் திசை. அது உயர்ந்துவிட்டால் அதே இடத்தில் எழும்பும் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். முகில் மூடினால் அலையின் ஆட்டத்தை உடம்பால் அறிய வேண்டும். கணக்கும் வித்தியாசமானது. படகு ஒரே இடத்தில் நிற்கிறது, தீவுகள்தான் நகருகின்றன என்று நினைத்துக்கொள்வார்கள். பாதைக்குப் பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு தீவு இப்போது எந்த வெள்ளிக்குக் கீழே வந்துவிட்டது என்று மனதில் பார்த்தால், எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று விளங்கும். பின்னேரத்தில் கரை திரும்பும் பறவைகள் மிச்சத்தைச் சொல்லும்.

படகு சைப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. 300 மைலுக்கு மேல் இப்படித் திட்டமிட்டுப் போய்வர ஏலாது, தீவுகளுக்குச் சனம் போனது தற்செயலாக அடிபட்டுத்தான் என்று 1956இல் அன்ட்ரூ ஷார்ப் புத்தகமே எழுதியிருந்தார்.

இதைக் கேட்கிற கனபேர் "உள்ளுணர்வு" எண்டு சொல்லுவினம். எனக்கு அந்தச் சொல்லில கோவம் வரும். எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எந்த வெள்ளி என்று, கற்களை வட்டமாக வைத்து, வருடக்கணக்காகப் பாடமாக்கிய படிப்பு அது. எழுத்தில் இல்லை என்பதற்காக அது உணர்வு ஆகிவிடுமா?

லூயிஸ் 1972இல் எழுதிய புத்தகத்தின் பெயர் 'நாங்கள், மாலுமிகள்' என்று பொருள்படும். அட்டையில் இருப்பது லூயிஸின் பெயர் மட்டும். எண்டாலும் அவரை நான் குறை சொல்ல மாட்டன். ஆர் தன்ர படகை ஓட்டினது எண்டதை அந்த மனிசன் மறைக்கேல்லை. நாங்கள் ஆய்வுக்கட்டுரை எழுதேக்க என்ன செய்யிறம்? சோளகம், வாடை, கச்சான் எல்லாத்தையும் ஒரு கடற்றொழிலாளி ஐயாவிட்டக் கேட்டு எழுதிப்போட்டு, அவரைத் "தகவலாளி 4" ஆக்கிவிடுறம்.

ஜீபிஎஸ் இருக்கேக்க இதெல்லாம் எதுக்கு எண்டு கேப்பீங்கள். ஜீபிஎஸ் இல்லாமல் ஒருத்தரும் கடலுக்குப் போகவேண்டாம், உயிர் பெரிசு. நான் கேக்கிறது வேற. ஆய்வுமுறைப் பாடத்தில ஒரு நாள், ஒரேயொரு நாள், அந்த ஐயாவை விரிவுரை மண்டபத்துக்குக் கூப்பிடுங்கோ. பதிலளிக்க இல்லை, படிப்பிக்க. முடிய அவரே எங்களுக்குப் புள்ளியும் போடட்டும்.