இரண்டு மீட்டர் இடைவெளி

ஈக்வடார் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கலாபகஸ் தீவுகளில், ஸ்நார்க்கலிங் எனப்படும் நீச்சலில், அதாவது மூச்சுக்குழாயும் முகக்கண்ணாடியும் அணிந்து நீர்ப்பரப்பில் மிதந்தபடி கடலடியைக் காண்பதில், ஈடுபடுவோர் தேசியப் பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்பதும், விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டரேனும் விலகியிருக்க வேண்டும் என்பதும் கெடுபிடிகள் அல்ல. இசபெலா, பெர்னாண்டினா தீவுகளின் மேற்குக் கரையில் மோதி மேலெழும் குளிர்ந்த குரோம்வெல் அடிநீரோட்டம் ஊட்டச்சத்துகளைக் கொணர்வதால்தான், கடலில் இரைதேடும் ஒரே பல்லியினமான கடல் இகுவானாவும், நிலநடுக்கோட்டருகே வாழும் பென்குயினும் அங்கே பிழைத்திருக்கின்றன. எல் நினோ ஆண்டுகளில் கடல் வெப்பமடைந்து பாசி குன்றினாலோ இகுவானாக்கள் பட்டினியால் பெருமளவில் மடிகின்றன. இவ்வளவு மெல்லிய பிழைப்பின்மீது படமெடுப்போரின் ஆவலையும் சுமத்துவது முறையன்று. கடற்சிங்கக் குட்டிகள் மட்டும் (விதி அவற்றுக்கு இல்லையே) தாமாகவே நெருங்கி வந்து மனிதரைச் சுற்றி விளையாடும். அப்போதும் கை நீட்டித் தொடுவதற்கு அனுமதியில்லை.