ரேலி ஓட்டுநருக்கு எத்தனை வருஷம் டைம் கொடுக்கணும்? 5 சாம்பியன்கள் சொல்லும் கணக்கு

2025 ஜூலையில் நடந்த எஸ்டோனியா ரேலியை ஜெயித்தவர் ஆலிவர் சோல்பெர்க். வயது 23. அந்த சீசனில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தது உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் நிலைப் பிரிவில். டொயோட்டா அந்த ஒரு ரேலிக்கு மட்டும் தன் உச்சப் பிரிவு காரைக் கொடுத்தது. அதில் ஏறி உட்கார்ந்தவர், உள்ளூர் நாயகனும் முன்னாள் உலக சாம்பியனுமான ஒட் தானாக்கை 25.2 விநாடி வித்தியாசத்தில் வீழ்த்திவிட்டார்.

இதே பையனைத்தான் 2022-ல் ஹூண்டாய் அணி, சீசன் முடிவதற்கு முன்பே, அடுத்த வருஷம் உனக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பியது.

அப்போ ஹூண்டாய் அவசரப்பட்டுவிட்டதா? இல்லை, வெளியே அனுப்பியதுதான் அவரை உருவாக்கியதா? ரேலி ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும் விஷயம் இது. ரேலியே பார்த்திராதவராக இருந்தாலும் நீங்கள் இந்த வாதத்தை வேறு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். நாலு மேட்ச் சொதப்பிய இளம் பேட்ஸ்மேனை அணியில் வைத்திருப்பதா, ரஞ்சிக்குத் திருப்பி அனுப்புவதா என்ற அதே கேள்விதான். ஆனால் ரேலியில் இதற்கு விடை சொல்வது இன்னும் கஷ்டம். ஏன் என்று பார்க்கலாம்.

ஒரே வளைவு, வருஷத்துக்கு இரண்டு முறை

ஃபார்முலா 1 ஓட்டுநர் ஒரு வார இறுதியில் ஒரே வளைவை நூறு தடவைக்கு மேல் பார்த்துவிடுவார். ரேலி ஓட்டுநருக்கு அந்த வசதி கிடையாது. பொதுவாக ஒரு ரேலியில் 300 கிலோமீட்டர் அளவுக்கு நேரம் கணக்கிடப்படும் பாதை இருக்கும். ஸ்டேஜ் என்று சொல்லப்படும் ஒவ்வொரு துண்டையும் போட்டியில் பெரும்பாலும் இரண்டு முறைதான் ஓட்டுவார்கள். அதற்கு முன்னால் சாதாரண வேகத்தில் இரண்டு முறை போய்ப் பார்க்கலாம். அந்த இரண்டு சுற்றில் ஓட்டுநர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் கோ-டிரைவர் எழுதுவதுதான் பேஸ் நோட்ஸ்.

வளைவு எவ்வளவு கூர்மை, மேட்டுக்குப் பின்னால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே கல் கிடக்கும், எல்லாம் அந்த நோட்டில்தான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் காட்டுப் பாதையில் போகும்போது ஓட்டுநர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதை நம்பித்தான் ஓட்டுகிறார். புதியவரிடம் திறமை இருக்கும், ஆனால் நோட்ஸ் பழுத்திருக்காது. போன வருஷம் எழுதிய நோட்டை இந்த வருஷம் திருத்தி, அடுத்த வருஷம் மறுபடி திருத்தித்தான் அது பழுக்கும். கையில் இருக்கும் கார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வேலையை அது செய்து கொடுக்காது. சோதனை ஓட்டங்களுக்கும் விதிகளில் வரம்பு உண்டு.

அதனால்தான் பாதி சீசன் வாய்ப்பு என்பது ஏமாற்றுக் கணக்கு. வருஷத்துக்கு 14 ரேலி நடக்கிறது, உங்களுக்கு 7 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் ஓட்டாத ரேலிக்கு அடுத்த வருஷம் புதியவராகவே போய் நிற்பீர்கள். அதுவும் அந்த ரேலி அட்டவணையில் இருந்தால்தான். நியூஸிலாந்து ரேலி 2012-க்குப் பிறகு 2022-ல்தான் உலக சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது. பத்து வருஷ இடைவெளி!

5 பேர், 22 சீசன்

2004-லிருந்து 2025 வரை 22 சீசன்களில் உலக ரேலி சாம்பியன் ஆனவர்கள் மொத்தமே ஐந்து பேர்: செபாஸ்தியன் லோப், செபாஸ்தியன் ஓஜியே, ஒட் தானாக், கல்லே ரோவன்பெரா, தியரி நூவில். இதில் லோபும் ஓஜியேவும் ஆளுக்கு ஒன்பது.

இந்த ஐந்து பேருக்கும், ஒரு நிறுவன அணியின் உச்சப் பிரிவு காரில் முதல் முறை ஓட்டியதிலிருந்து முதல் வெற்றி வரை எத்தனை மாதம் ஆனது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். லோப் 2001 அக்டோபரில் இத்தாலியின் சான்ரெமோவில் சிட்ரோயன் அணிக்காக முதல் முறை ஓட்டி, 2002 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஜெயித்தார். 10 மாதம். ஓஜியேவுக்கு 2008 டிசம்பரிலிருந்து 2010 மே வரை, சுமார் 18 மாதம். ரோவன்பெராவுக்கும் அதே 18 மாதம், அவருடைய 14-வது ரேலியில். நூவிலுக்கு 31 மாதம். தானாக்குக்கு 67.

சராசரி போடலாமா என்று கேட்காதீர்கள். ஐந்தே பேரை வைத்துச் சராசரி போடுவது எங்கள் தொழிலில் பாவம். வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம். ஒரு அணி மேலாளர், "ஒன்றரை வருஷம் தருகிறேன், அதற்குள் ஜெயிக்காவிட்டால் நடையைக் கட்டு" என்று விதி வைத்திருந்தால்? ஐந்து சாம்பியன்களில் இரண்டு பேரை இழந்திருப்போம்.

தானாக்கை உண்மையிலேயே இழக்கத்தான் பார்த்தார்கள். 2012-ல் ஃபோர்டு கார்களை நடத்தும் எம்-ஸ்போர்ட் நிறுவனத்தில் முழு சீசன் கிடைத்தது, ஒரு மூன்றாமிடமும் வந்தது, விபத்துகளும் வந்தன. சீசன் முடிவில் வெளியே. 2013-ல் அவருக்கு அணியே இல்லை. பிறகு இரண்டாம் பிரிவு, மறுபடி எம்-ஸ்போர்ட், மெக்ஸிகோவில் காரோடு ஏரிக்குள் போனது என்று பல கூத்துகளுக்குப் பிறகுதான் 2017 சார்டினியா வெற்றி. 2019-ல் உலக சாம்பியன்.

இந்த ஐந்து பேர் கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. இது ஜெயித்தவர்கள் பட்டியல். வெளியே அனுப்பப்பட்டு திரும்பி வராமலே போனவர்களில் யார் 67 மாதம் கிடைத்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று எந்த எக்செல் ஷீட்டும் சொல்லாது.

மூன்றாவது கார் யாருக்கு?

இனி ஹூண்டாய் பக்கத்து நியாயத்தையும் பார்க்கணும். நிறுவனங்களுக்கான சாம்பியன்ஷிப்பில் ஓர் அணி ஒரு ரேலிக்கு மூன்று கார்களை நியமிக்கலாம். அதில் சிறந்த இரண்டின் புள்ளிகள்தான் சேரும். ஆக, மூன்றாவது கார்தான் கற்றுக்கொள்ள வருபவரின் இயல்பான இடம். ஆனால் முதல் இரண்டில் ஒன்று கவிழ்ந்தால், அந்த மூன்றாவது காரின் புள்ளிதான் அணியைக் காப்பாற்றும்.

2022-ல் அந்த மூன்றாவது காரை சோல்பெர்க்கும், நெடுநாள் அனுபவசாலியான டானி சோர்டோவும் பகிர்ந்துகொண்டார்கள். அது என்ன மாதிரி வருஷம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹைபிரிட் கார்கள் அறிமுகமான முதல் சீசன். அணித் தலைவர் ஆண்ட்ரியா அடாமோ 2021 டிசம்பரில்தான் விலகியிருந்தார். மான்டி கார்லோவில் காருக்குள் புகை நுழைந்து சோல்பெர்க் திணறினார். குரோஷியாவில் விபத்து, கார் தீப்பிடித்தது. பின்லாந்தில் ஆரம்பத்திலேயே மோதி வெளியேறினார். பெல்ஜியத்தின் ஈப்ரில் நான்காவது இடம். அதாவது, ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு ஹூண்டாய் எடுத்த வழி வேறு. 2024-ல் மூன்றாவது காரை லாப்பி, சோர்டோ, மிக்கெல்சன் என்று மூன்று அனுபவசாலிகளுக்குள் சுற்றவிட்டது. லாப்பி ஸ்வீடனில் ஜெயித்தும் கொடுத்தார். அந்த வருஷம் நூவில் உலக சாம்பியன். நிறுவனப் பட்டம் டொயோட்டாவிடம் வெறும் 3 புள்ளியில் போனது. மூன்றே மூன்று! இப்படிப்பட்ட கணக்கில், புதுமுகத்துக்குக் காரைக் கொடு என்று வெளியிலிருந்து சொல்வது நமக்குச் சுலபம். போர்டு மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டியவருக்கு அப்படி இல்லை.

என் கருத்தைக் கேட்டால், 2022-ல் ஹூண்டாய் செய்த தவறு சோல்பெர்க்கை நீக்கியது அல்ல. பாதி சீசனைக் கொடுத்துவிட்டு, முழு சீசன் ஓட்டியவரைப் போல மதிப்பிட்டதுதான்.

கீழே இறக்குவதும் ஒரு பயிற்சிதான், வழி திறந்திருந்தால்

ஏட்ரியன் ஃபோர்மோவின் கதையைப் பாருங்கள். 2022-ல் எம்-ஸ்போர்ட்டில் முழு சீசன் என்று தொடங்கியவர், முதல் ரேலியான மான்டி கார்லோவிலேயே பள்ளத்தில் பாய்ந்து காரை நொறுக்கினார். விபத்துகள் தொடர்ந்தன. 2023-ல் அவரை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள், ஆனால் கைவிடவில்லை. அந்த வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பையும் ஓட்டி ஜெயித்தார். 2024-ல் அதே அணியில் திரும்பி வந்து ஐந்து முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்தார். பலன் யாருக்கு? அடுத்த வருஷம் ஹூண்டாய் அவரைக் கூட்டிப் போய்விட்டது.

எம்-ஸ்போர்ட்டின் தலையெழுத்தே இதுதான். வளர்ப்பது ஒருவர், அறுவடை இன்னொருவர். எல்ஃபின் எவன்ஸும் அங்கே 2016-ல் இறக்கப்பட்டு, 2017-ல் சொந்த நாடான வேல்ஸில் ஜெயித்து, இப்போது டொயோட்டாவில் இருக்கிறார்.

அங்கே யாரையும் இறக்காமல் வைத்திருந்ததும் உண்டு. 2009-ல் யாரி-மாட்டி லாட்வாலா போர்ச்சுகலில் மலைச்சரிவில் உருண்டார். சில வாரங்களில் சார்டினியாவை ஜெயித்தார். அடுத்து போலந்தில், இரண்டாமிடம் கையில் இருக்க, கடைசி ஸ்டேஜில் தடுப்பில் மோதி அதையும் தொலைத்தார். மால்கம் வில்சன் அவரை விடவில்லை. லாட்வாலா மொத்தம் 18 உலக ரேலிகளை ஜெயித்தார், ஆனால் சாம்பியன் ஆகவே இல்லை. பொறுமைக்குப் பலன் பட்டமாகத்தான் வரவேண்டும் என்பவர்களுக்கு இது தோல்விக் கதை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2021-லிருந்து டொயோட்டா அணியின் தலைவர் அவர்தான். சோல்பெர்க்குக்கு அந்த ஒரு ரேலி காரைக் கொடுத்த அணி.

அதிகம் டைம் கிடைத்தவர்

இந்தத் தலைமுறையில் யாருக்கு அதிக அவகாசம் கிடைத்தது என்று கேட்டால் பதில் தகாமோட்டோ கட்சுடா. ஜப்பானில் சர்க்யூட் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தவரை 2015-ல் டொயோட்டா ரேலிக்குத் தேர்ந்தெடுத்து, பின்லாந்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. 2019 ஆகஸ்டில் முதல் முறை உச்சப் பிரிவு. 2021-ல் கென்யாவின் சஃபாரி ரேலியில் இரண்டாமிடம். 2025 ஸ்வீடனில் மீண்டும் இரண்டாமிடம், வெற்றிக்கு 3.8 விநாடி தூரத்தில். 2025 சீசன் முடியும்வரை வெற்றி வரவில்லை. நடுவில் 2024 சிலி ரேலிக்கு ஒருமுறை வெளியே உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஜப்பானியர் இல்லையென்றால் இவ்வளவு பொறுத்திருப்பார்களா? நியாயமான கேள்வி. ஜப்பானிய நிறுவனத்துக்கு ஜப்பானிய நாயகன் வேண்டும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. அதே சமயம், அவருடைய இடம் இன்னொருவரின் இடத்தைப் பறித்ததா என்றால், டொயோட்டாவில் பெரிதாக இல்லை. 2025-ல் சாமி பயாரிக்காக இரண்டாவது அணி ஒன்றையே பதிவு செய்து, சில ரேலிகளில் ஐந்து கார்களை இறக்கியது. பயாரி சீசனின் முதல் ரேலியில் விபத்துக்குள்ளானார், நவம்பரில் ஜப்பானில் மூன்றாமிடம் வந்தார். இப்படிச் செய்ய பணம் வேண்டும். 2021-லிருந்து தொடர்ந்து ஐந்து முறை நிறுவனப் பட்டம் வென்ற அணிக்கு அது முடிகிறது.

எனக்குக் கவலை தருவது வேறு ஒரு எண். மேலே சொன்ன ஐந்து சாம்பியன்களில் மூன்று பேர், லோப், ஓஜியே, நூவில், உச்சப் பிரிவுக்குள் நிறுவன அணியோடு அடியெடுத்து வைத்தது சிட்ரோயன் வழியாக. ஜூனியர் அணி ஒன்றைத் தனியாகவே நடத்திய நிறுவனம் அது. 2019-ன் முடிவில் சிட்ரோயன் வெளியேறியது. அதற்கு முன் 2016-ல் ஃபோக்ஸ்வேகன் போனது. மிஞ்சியது டொயோட்டா, ஹூண்டாய், எம்-ஸ்போர்ட் ஃபோர்டு. இதில் புதியவர்களுக்கு அதிகம் கதவைத் திறக்கும் எம்-ஸ்போர்ட்டிடம்தான் பணம் குறைவு. 2025-ல் அங்கே முழு சீசன் ஓட்டிய ஜோஷ் மெக்கர்லீன், அயர்லாந்தின் ரேலி அகாடமி ஆதரவோடு வந்தவர்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. சென்னையின் எம்ஆர்எஃப் டயரோடு ஓடிய அணியில்தான் ஸ்பெயினின் எஃப்ரென் யாரேனா 2022-ல் ஐரோப்பிய ரேலி சாம்பியன் ஆனார். ஆசிய-பசிபிக் பட்டத்தை மூன்று முறை வென்று, 2019-ல் அர்ஜுனா விருதும் வாங்கியவர் கௌரவ் கில். ஆனால் உலக ரேலியின் உச்சப் பிரிவில் நிறுவன அணியின் முழுநேர இருக்கை இதுவரை எந்த இந்தியருக்கும் கிடைத்ததில்லை. அகாடமியோ அரசோ நிறுவனமோ பின்னால் நின்று பல வருஷம் செலவழிக்காமல் அது நடக்கவும் நடக்காது.

2027-ல் விதிகள் மாறுகின்றன. புதிய தலைமுறை காருக்கு 3,45,000 யூரோ என்று விலை வரம்பு வைத்திருக்கிறார்கள், அதன் வேகம் இப்போதைய இரண்டாம் நிலை கார்களுக்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய நிறுவனம் இல்லாதவர்களும் கார் கட்டி இறக்கலாம். அப்படி நடந்தால் இருக்கைகள் கூடும், கீழிருந்து மேலே ஏறும் படியின் உயரமும் குறையும். மூன்றே அணிகள் அப்படியே தொடர்ந்தால், விலை குறைந்ததில் ஓட்டுநர்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

அதுவரை, ஒரு புதியவர் தேறுவாரா என்று நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முடிவுப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பார்க்காதீர்கள், முன்னால் பலர் கவிழ்ந்தால் யாருமே மேலே வந்துவிடுவார்கள். மண் சாலையில் பின்னால் கிளம்புபவருக்குப் பாதை சுத்தமாகக் கிடைக்கும் என்பதும் உண்டு. எஸ்டோனியாவில் சோல்பெர்க்குக்கும் அது கொஞ்சம் உதவியது. ஸ்டேஜில் முதலாவதாக வந்தவரைவிட கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி பின்தங்கினார் என்று வகுத்துப் பாருங்கள். 0.3 விநாடி என்றால் 300 கிலோமீட்டரில் ஒன்றரை நிமிடம். அதே ரேலிக்கு அடுத்த வருஷம் அவர் திரும்பி வரும்போது அந்த எண் 0.2-க்கு இறங்கியிருக்கிறதா, இல்லை அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதற்கு அடுத்த வருஷமும் அவர் கையில் ஒரு கார் இருக்கணும்.