வெளிநாட்டுக் கால்பந்து வாய்ப்பு: அழைப்புக் கடிதத்தைச் சரிபார்க்க ஓர் இடம் கோரி மனு

அனுப்புநர்: வடசென்னையைச் சேர்ந்த கால்பந்துப் பயிற்சியாளர், பெற்றோர் சங்கத்தினர்

பெறுநர்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை

நகல்: குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், சென்னை

பொருள்: வெளிநாட்டுக் கிளப்புகளில் வாய்ப்புத் தேடும் இளம் வீரர், வீராங்கனையரின் பாதுகாப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பையனுக்கு ஐரோப்பா தூரத்தில் இல்லை. கையிலுள்ள போனில் இருக்கிறது. அதே போனில் ஒருநாள் கடிதம் ஒன்றும் வந்து சேரும். மேலே கிளப் முத்திரை, நடுவில் ஆங்கில வாழ்த்து, கீழே வங்கிக் கணக்கு எண். டிரயல்ஸுக்குத் தேர்வாகிவிட்டான், விசா செலவை மட்டும் கட்டினால் போதும் என்பார் ஏஜென்ட். அம்மாவின் நகை அடகுக்கடை ஏறுவதற்குள் அந்தக் கடிதம் மெய்யா பொய்யா என்று யாரிடம் கேட்பது? அக்குடும்பத்துக்குத் தெரிவதில்லை. இம்மனு அதற்காகத்தான்.

வெளிநாட்டு வழி அடைபட்டுக் கிடக்கிறது என்று இச்சங்கம் சொல்லவில்லை. குர்பிரீத் சிங் சந்து நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்து 2016-இல் யூரோப்பா லீக் தகுதிச்சுற்றில் ஆடினார். மனிஷா கல்யாண் 2022-இல் சைப்ரஸின் அப்போலோன் கிளப்புக்காக மகளிர் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் களம் இறங்கினார். ஆனால் திறமை மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2009-இல் சுனில் சேத்ரியை லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்டது. ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 நாடுகளுக்குள் இந்தியா இல்லாததால் அவருக்கு வேலை அனுமதி கிடைக்கவில்லை. சேத்ரிக்கே அந்தக் கதி என்றால் பள்ளிப் பையனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர் பலருக்கும் தெரியாத விதி ஒன்று உண்டு. ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில் 19-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவதைத் தடுக்கிறது. கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோரே குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. 16 வயது தாண்டியவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இடம் மாறலாம். வேறு சில விலக்குகளும் உள்ளன, ஆனால் புளியந்தோப்புப் பையனுக்கு அவற்றில் ஒன்று பொருந்துவதே அபூர்வம். சிறுவர் பதிவில் விதி மீறியதாக 2014-இல் பார்சிலோனாவுக்கே புது வீரர்களைச் சேர்க்கத் தடை விழுந்தது. அப்படியிருக்க, 15 வயதுப் பையனுக்கு ஸ்பெயினில் கிளப் ஒப்பந்தம் வாங்கித் தருவதாகச் சொல்பவரை நம்பலாமா?

நம்பியவர்களின் கதையை உலகம் பார்த்திருக்கிறது. 2015-இல் மேற்கு ஆப்பிரிக்கச் சிறுவர்கள் லாவோஸ் நாட்டு அகாடமி ஒன்றுக்குக் கொண்டுபோகப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. 2023 ஜூனில் போர்ச்சுகலின் வடபகுதியில் ஓர் அகாடமியை அதிகாரிகள் சோதனையிட்டு, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா எனப் பல இடங்களிலிருந்து வந்திருந்த சிறுவர்களை மீட்டனர்.

ஆகவே முதல் கோரிக்கை: நேரு விளையாட்டரங்கில் உள்ள ஆணைய அலுவலகத்தில் ஒரு மேசை, ஓர் அலுவலர். பெரிய செலவில்லை. 2023 முதல் ஃபிஃபா ஏஜென்ட் உரிமத்துக்குத் தேர்வில் தேற வேண்டும். உரிமம் பெற்றவர் பட்டியலை யாரும் பார்க்கலாம். பெயரைத் தேடி, கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, விசா எந்த வகை என்று பார்த்துச் சொன்னாலே பாதி மோசடி நின்றுவிடும்.

அடுத்தது குடிபெயர்வோர் பாதுகாவலருக்கு. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. சுற்றுலா விசாவில் டிரயல்ஸுக்கு அனுப்புவோர், இது வேலையே இல்லை என்று நழுவப் பார்க்கிறார்கள். அவர்களும் இச்சட்டத்துக்குள் வருகிறார்களா என்பதை எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும்.

மூன்றாவது, பதிவேடு. இதை இச்சங்கம் அழுத்திக் கேட்கிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் பணத்துக்கு வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், அத்தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேரும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், அதற்கு மேல் அரை. 12 முதல் 15 வயது வரை நாலு ஆண்டு வளர்த்த தெருக் கிளப்புக்கு, ஒரு கோடி ரூபாய் இடமாற்றத்தில் ஒரு லட்சம் கிடைக்கும். கோல் வலைக்கே கைமாற்று வாங்கும் கிளப்புக்கு அது எத்தனை ஆண்டுச் செலவு! ஆனால் அந்த வயதில் பையன் அங்கே ஆடினான் என்பது முறையான பதிவில் இல்லையென்றால் ஒரு காசும் வராது. மாநிலக் கால்பந்துச் சங்கத்துடன் சேர்ந்து, சிறு கிளப்புகளையும் அவற்றின் 12 வயதுப் பிள்ளைகளையும், பெண் பிள்ளைகளையும் விடாமல், கட்டணமின்றிப் பதிய முகாம் நடத்த வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பிறந்த தேதி வேறுபட்டால் அதே முகாமில் திருத்த வழிசெய்தால் பின்னாளில் வயதுத் தகராறு எழாது.

பயணச் செலவுக்கு இச்சங்கம் நிதி கேட்கவில்லை. பொறுப்பாளர்கள் நேரில் வந்து விளக்க ஆயத்தமாக உள்ளனர். மாலை ஐந்து மணிக்கு முன் நேரம் ஒதுக்கினால் நலம். அதன்பின் மைதானத்தில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
சங்கப் பொறுப்பாளர்கள்