பூட்டுப் போட்ட விளக்கு வேண்டாம்

பெரிய காரியாலயக் கட்டடங்களில் இப்போது ஆளில்லா அறையின் விளக்கு தானாக அணைகிறது. ஜன்னலோரம் வெயில் ஏறினால் வெளிச்சம் தானே குறைகிறது. கரண்ட் பில் குறையும், மறுக்கவில்லை.

ஆனால் இப்படியான கட்டடமொன்றுக்கு நான் விளக்கு கொடுக்கப் போனபோது, அங்கிருந்த கட்டுப்பாட்டு முறை எனது சரக்கை ஏற்கவில்லை. முதலில் பொருத்திய கம்பனியின் விளக்கு மட்டுமே அதற்குச் சரிவருமாம். உரிமையாளர் அவர்கள் சொன்ன விலைக்கே வாங்கினார். பாவம், வேறு வழி?

'டாலி' என்ற சர்வதேசத் தரம், ஐ.ஈ.சி. 62386, இதற்காகவே இருக்கிறது. ஓர் இணைப்பில் பல கம்பனிகளின் 64 விளக்குகள் வரை சேரலாம். 'டாலி-2' சான்றுள்ளதையே கேளுங்கள். அது பரீட்சித்துக் கொடுக்கப்படுவது. மென்பொருளின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள், முற்பணம் கொடுக்க முன்னரே.