வழிவிடுதலும் வழிவிடச் செய்தலும்



மக்ரிப் தொழுகைக்குப் பின் நடைபெறும் எங்கள் மதரஸா வகுப்பில், பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்கச் சில நிமிடங்கள் ஒதுக்குவது வழக்கம். பெரும்பாலும் உளூ, நோன்பு பற்றிய சந்தேகங்களே வரும். அண்மையில் ஒரு மாணவன் கேட்டது வேறு வகையான கேள்வி. "ஹஜ்ரத், கார் ரேஸ்ல முன்னாடி போறவரு, டீம்ல சொன்னாங்கன்னு பின்னாடி வர்ற தன்னோட டீம்காரருக்கு வழி விட்டுடுறாரு. அது தியாகமா, ஏமாத்தா?"

சிங்கப்பெருமாள் கோயில் பிள்ளை இதைக் கேட்டதில் வியப்பில்லை. மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் நம் பகுதியில் பல. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் சென்று சென்னைச் சாலையில் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் வந்துவிடும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தளம் அது. பார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய இந்தியர்கள் இருவர். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகிய அவ்விருவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களே.

அன்று அம்மாணவனுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதை முழுமைப்படுத்தவே இக்கட்டுரை.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். பார்முலா ஒன்னில் ஓர் அணிக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஆண்டு முழுதும் சேரும் புள்ளிகளைக் கொண்டு ஓட்டுநருக்கு ஒரு பட்டமும் அணிக்கு ஒரு பட்டமும் வழங்கப்படுகின்றன. ஒரே அணியைச் சேர்ந்த இருவரும் தங்களுக்குள் மோதிப் புள்ளிகளை இழப்பதைவிட, பட்டத்துக்கு வாய்ப்புள்ளவரை முன்னே அனுப்புவது மேல் என்று அணித் தலைமை சில வேளைகளில் முடிவு செய்யும். வானொலி மூலம் செல்லும் அக்கட்டளைக்கு 'டீம் ஆர்டர்' என்று பெயர்.

அதில் உலகமே அறிந்த நிகழ்ச்சி 2002 மே 12 அன்று ஆஸ்திரியாவில் நடந்தது. ஃபெராரி அணியின் ரூபன்ஸ் பாரிச்செல்லோ பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னிலை வகித்தார். வெற்றிக்கோடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வேகத்தைக் குறைத்து, தம் அணியின் மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். அணித் தலைமையின் கட்டளை அது. அந்த ஆண்டின் முதல் ஐந்து பந்தயங்களில் நான்கில் ஷூமாக்கர் ஏற்கெனவே வென்றிருந்தார். கூடியிருந்த மக்கள் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினர். கூச்சமடைந்த ஷூமாக்கர், வெற்றி மேடையின் உச்சிப் படியில் பாரிச்செல்லோவை ஏற்றிவிட்டார். பின்னர் ஃபெராரிக்கு 10 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, அதில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. வழிவிடச் சொன்னதற்காக அன்று அபராதம் இல்லை. மேடை ஒழுங்கைக் கெடுத்ததற்காகவே அபராதம். அப்போது அக்கட்டளையைத் தடுக்க விதியே இல்லை. அடுத்த ஆண்டுதான் தடை வந்தது.

இதைப் படித்தபோது, நாம் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் வருத்தமாக இருந்தது. நபியவர்களோ, இவ்வுலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் அவர்களுக்குப் பதிலளித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

இதில் என்னை நிறுத்தி வைப்பது ஒன்றுதான். மதீனாவின் தலைவருடைய ஒட்டகம் தோற்கிறது. "சற்றே கயிற்றைப் பிடியுங்கள்" என்று அந்தக் கிராமவாசியிடம் ஒருவரும் சொல்லவில்லை. எவ்வளவோ தியாகங்கள் செய்த அந்தச் சமுதாயம், பந்தயத்தைப் பந்தயமாகவே விட்டுவைத்தது.

அப்படியானால் டீம் ஆர்டர் முழுவதும் தவறு என்று தீர்ப்பளித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அணி என்பது ஓர் உடன்படிக்கை. தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோரைப் பணித்தே அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. 2013 மார்ச்சில் மலேசியாவில் ரெட் புல் அணியின் மார்க் வெப்பர் முன்னிலையில் இருந்தார். இருந்த வரிசையிலேயே முடிக்க வேண்டும் என்பது அணியின் கட்டளை. அதை நம்பி வெப்பர் தம் எஞ்சினின் வேகத்தைத் தணித்துக்கொண்டார். செபாஸ்டியன் வெட்டல் கட்டளையை மீறி அவரை முந்தி வென்றார். அன்றே மன்னிப்பும் கேட்டார். வேகத்தில் வெட்டல் சிறந்தவராக இருந்திருக்கலாம். ஆயினும் வாக்கை நம்பித் தணிந்தவரை முந்திப் பெற்ற வெற்றியை வீரம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. அங்கே மீறப்பட்டது அமானிதம்.

ஆகவே கட்டளை இருந்ததா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அது முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளப்பட்டதா, வெளிப்படையானதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெளிப்படைத்தன்மை ஏன் முக்கியம் என்பதற்கு 2010 ஜூலையில் ஜெர்மனியில் நடந்ததே சான்று. அப்போது தடை நடைமுறையில் இருந்தது. ஃபெராரியின் பெலிபே மாஸா முன்னிலையில் இருந்தார். தலையில் பட்ட கடுங்காயத்தால் உயிருக்கே ஆபத்து நேர்ந்து, மீண்டு வந்தவர் அவர். அந்தக் காயம் பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. பின்னால் வரும் பெர்னாண்டோ அலோன்சோ அவரைவிட வேகமானவர் என்று வானொலியில் ஒரு தகவல் மட்டும் வந்தது. வழிவிடு என்று எவரும் சொல்லவில்லை. புரிந்துகொள்ள வேண்டியவர் புரிந்துகொண்டு வழிவிட்டார். அணிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2011 முதல் அந்தத் தடையே நீக்கப்பட்டுவிட்டது. தடை, கட்டளையை ஒழிக்கவில்லை. அதற்குச் சங்கேத மொழியைக் கற்றுக்கொடுத்தது. மறைத்துச் சொல்லப்படுவதைவிட, வெளிப்படையாகச் சொல்லப்பட்டுப் பார்ப்பவர் எடைபோடுவது மேல்.

பிறரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு என் மாணவர்கள் இருவர் தேர்வாயினர். மூத்தவன் திறமைசாலி. ஆனால் அடுத்த கட்டமான மாவட்டப் போட்டிக்கு அவனுடைய வயது கடந்திருந்தது. இளையவன் வென்றால் மேலே செல்லலாம். போட்டி நாளன்று காலை மூத்தவனைத் தனியே அழைத்தேன். அவன் பேச்சின் மிகச் சிறந்த பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடும்படி கூறினேன். தலையசைத்தான். அவ்வாறே பேசினான். இளையவன் வென்றான், எல்லோரும் மகிழ்ந்தோம். நடுவர்களுக்குத் தெரியாது, அவையோருக்குத் தெரியாது, வென்ற பிள்ளைக்கும் தெரியாது. அன்று மாலை மூத்தவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், எனக்குப் போட்ட மார்க் நான் பேசினதுக்கா, நீங்க சொன்னதுக்கா?"

என் கணக்கில் பிழையில்லை. ஃபெராரியின் கணக்கிலும் பிழையில்லை. ஆனால் நடுவர்களிடம் பொய்யான ஒன்றை உண்மை என்று ஒப்படைத்தேன். ஒரு பிள்ளையின் உரிமையை அவன் ஒப்புதலின்றி எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தேன். ஆசிரியர் முன் தலையசைப்பது ஒப்புதலாகாது.

கட்டளைக்கு ஓர் எல்லையும் உண்டு. 2008 செப்டம்பரில் சிங்கப்பூர் பந்தயத்தில் ரெனால்ட் அணி, தன் இளம் ஓட்டுநர் நெல்சன் பிக்கே ஜூனியரை வேண்டுமென்றே சுவரில் மோதச் செய்தது. அதனால் பந்தயத்தின் போக்கு மாறி, அதே அணியின் அலோன்சோ வென்றார். மறு ஆண்டுதான் உண்மை வெளிவந்தது. ஸஹாபாக்களின் படைப்பிரிவு ஒன்றில், கோபமடைந்த தளபதி நெருப்பு மூட்டி அதில் குதிக்கும்படி தம் வீரர்களுக்குக் கட்டளையிட்ட நிகழ்ச்சியை நாம் ஹதீஸில் படிக்கிறோம். அவர்கள் குதிக்கவில்லை. நன்மையானவற்றில் மட்டுமே கீழ்ப்படிதல் உண்டு என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். தலைமைக்குக் கட்டுப்படுவதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அது எங்கே முடிகிறது என்பதையும் கற்பித்தாக வேண்டும்.

விட்டுக்கொடுத்தலின் அழகான முகத்தையும் அண்மையில் கண்டோம். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்துக்கு நடிகர் அஜித் குமார் தம் பெயரிலேயே அணி அமைத்துச் சென்றார். பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்பில் மோதியது. அணியின் நலனையும் நீண்ட பந்தயத்தின் சிரமத்தையும் கருதி, தம் அணியின் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார் என்று அறிவிக்கப்பட்டது. உரிமையாளராக உடனிருந்தார், வேறோர் அணியின் காரில் பங்கேற்றார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. இங்கே இருக்கையை விட்டவர் அதிகாரம் உள்ளவர். முடிவு பந்தயத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது, ஊரறியச் சொல்லப்பட்டது. மதீனாவின் அன்சாரிகள் தமக்குத் தேவை இருந்தும் முஹாஜிர்களைத் தங்களைவிட முற்படுத்தியதை அல்குர்ஆன் புகழ்கிறது. அவர்கள் தங்களுடையதைத் தாங்களே கொடுத்தார்கள். ஈஸார் என்னும் அந்த உயர்ந்த குணம், கொடுப்பவரின் உள்ளத்திலிருந்து வருவது. பிறர் அதை வசூலிக்க முடியாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாம் பந்தயக் கார் ஓட்டுவதில்லை. ஆனால் டீம் ஆர்டர் பிறப்பிக்காத வீடு அரிது. "தம்பி இன்ஜினியரிங் சேரணும், நீ பன்னிரண்டாவதோட நிறுத்திக்கம்மா." "அண்ணன் படிக்கட்டும், நீ கடையைப் பார்த்துக்க." குடும்பத்தின் பண நெருக்கடி உண்மையாக இருக்கலாம்; சில வேளைகளில் யாரேனும் ஒருவர் வழிவிட்டே தீர வேண்டியிருக்கும். ஆனால் எப்போதும் ஒரே பிள்ளை வழிவிடுகிறதா என்று பாருங்கள். எப்போதும் அது மகளாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். அவளை உட்கார வைத்து மஷூரா செய்தீர்களா, அல்லது மாஸாவுக்குச் சொன்னதுபோல் "தம்பி நல்லாப் படிக்கிறான்" என்று சாடையாகச் சொல்லி, அவளே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டீர்களா? அவள் விட்டதை உறவினர் முன்னிலையில் அவள் பெயர் சொல்லி நன்றி கூறினீர்களா? அவளுடைய முறை எப்போது வரும் என்று வாக்களித்தீர்களா? அந்த வாக்கு உங்கள் மீது கடன்.

சில மாதங்களுக்கு முன் அந்த மூத்த மாணவனை ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்தேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தப் பேச்சுப் போட்டியைச் சொல்லி, என்னை மன்னித்துவிடுமாறு கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தா, நானே விட்டுக் கொடுத்திருப்பேன் ஹஜ்ரத்."

மாணவனின் கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதில் என்னிடம் இல்லை. நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பெறும் பொறுமையையும், அவர்கள் கொடுத்ததை மறவாத உள்ளத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.